நூற்றுக்கு நாலு

எங்கள் தொடர்மாடியின் தண்ணீர் மோட்டர் பதினான்கு மாதத்தில் மூன்று தடவை எரிந்தது. முதல் தடவை, பழைய மோட்டர்தானே என்று விட்டோம். இரண்டாம் தடவை, எரிந்த சுருளுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்த கடைக்காரரைத் திட்டினோம். மூன்றாம் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பன்னிரண்டு வீட்டு ஆட்களும் வாளியோடு படியில் நின்றபோது எல்லாருடைய பார்வையும் என் மேல்தான் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் தடவை எரிந்த பிறகு நடந்த கூட்டத்தில், "இதைவிடப் பெரிய மோட்டராய்ப் போட்டால் என்ன?" என்று மூன்றாம் மாடி அன்ரி கேட்டார். நான்தான் எழும்பி நின்று பதில் சொன்னேன். பெனலுக்குள் மோட்டர் ஓடும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு மீற்றர் இருக்கிறது. அதை ஒரு கிழமை பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். 24இல் ஒன்று. "நூற்றுக்கு நாலுதான் அன்ரி ஓடுது. இந்த மோட்டருக்கு இது ஒரு வேலையே இல்லை." கூட்டக் குறிப்பையும் நானே எழுதினேன்: மோட்டரின் கொள்ளளவு போதுமானது, பாவனை 4 வீதம்.

கட்டடங்களுக்கு மின் வரைபடம் கீறிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. என் கணக்கில் பிழையும் இல்லை. இன்றைக்கும் அந்த மீற்றரைப் பார்த்துக் கூட்டிப் பிரித்தால் அதே நாலுதான் வரும். மோட்டரின் தகட்டில் 1.5 கிலோவாட், 10 அம்பியர், எஸ்1 என்று தெளிவாக அடித்திருக்கிறது. எஸ்1 என்றால் நிற்காமல் ஓடலாம். நாள் முழுக்க ஓடக்கூடிய ஒன்றை ஒரு மணித்தியாலம் மட்டும் ஓட்டினால் அது எப்படி எரியும்? இந்தக் கேள்வி பல நாள் என் தொண்டையில் மீன் முள் மாதிரிக் கிடந்தது.

பெரியப்பாவின் பத்து நிமிடம்

டியூட்டி சைக்கிள், அதாவது ஒரு சுற்றில் இயந்திரம் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்ற கணக்கை, நான் வகுப்பில் கேட்பதற்கு முன்பே கொட்டாஞ்சேனையில் பெரியப்பாவின் கிரில் பட்டறையில் கேட்டுவிட்டேன். தமிழில் 'பணிச் சுழற்சி' என்று எழுதலாம். எழுதினால் காவலாளிகளின் நேர அட்டவணை மாதிரி இருக்கும். பெரியப்பா அதைச் சொல்லாகவே சொன்னதில்லை, "பத்துக்கு ஆறு" என்பார். வெல்டிங் பிளான்டின் தகட்டில் 200 அம்பியர், 60 வீதம் என்று இருந்தது. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200 அம்பியரில் பற்றவைக்கலாம், நாலு நிமிடம் அதை ஆற விட வேண்டும். அந்த நாலு நிமிடத்தில் அவர் பிளேன்டீ குடிப்பார். புதிதாக வந்த பையன் ஒருவன், 60 வீதம் என்றால் மணித்தியாலத்துக்கு 36 நிமிடம் என்று கணக்குப் போட்டு, முதல் 36 நிமிடத்தையும் ஒரே மூச்சில் அடிக்கப் பார்த்தான். அவன் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே பெரியப்பா வந்து சுவிட்சை நிறுத்தினார். "அறுபது எண்டது பெரிசில்லையடா. எதுக்கு அறுபது எண்டு பார்."

அந்தப் 'பத்து' பெரியப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. வெல்டிங் இயந்திரங்களுக்கான சர்வதேசத் தர விதியே 10 நிமிடச் சுற்றை வைத்துத்தான் அளக்கிறது, அதுவும் சுற்றுப்புறம் 40 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு. கரண்டைக் குறைத்தால் எவ்வளவு கூடுதலாக அடிக்கலாம் என்பதற்கும் ஒரு சுலபமான வழி உண்டு. கம்பியில் எழும் சூடு கரண்டின் வர்க்கத்தோடு போகும். ஆகவே கரண்டின் வர்க்கத்தை வீதத்தால் பெருக்கினால் வருவது மாறாது. 200இன் வர்க்கம் 40,000. அதில் 60 வீதம் 24,000. அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 155. ஆக, அதே பிளான்டை 155 அம்பியரில் வைத்தால் நாள் முழுக்க நிறுத்தாமல் அடிக்கலாம். பெரியப்பாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. ஆனால் 10ஆம் நம்பர் கூருக்கு, அதாவது 3.2 மில்லிமீற்றர்க் கூருக்கு, 120 அம்பியர் அளவில் வைக்கும்போது அவர் பிளேன்டீக்காக நிறுத்தினதே இல்லை. தவிர, கூர் வெல்டிங்கில் ஒரு கூர் ஒன்று ஒன்றரை நிமிடத்தில் கரைந்துவிடும். மற்றதை மாட்ட வேண்டும், சிட்டத்தைத் தட்ட வேண்டும். அந்த வேலைக்குள்ளேயே ஓய்வும் இருக்கிறது.

சிறு வயதில் படிந்த இந்தக் கணக்குத்தான் என்னைக் கவிழ்த்தது. வீதம் குறைவென்றால் சூடு குறைவு, சூடு குறைவென்றால் ஆயுள் கூட. பட்டறையில் இது சரி. மோட்டருக்கு இது ஏன் சரிவரவில்லை என்று விளங்க எனக்கு மருதானைக்குப் போக வேண்டியிருந்தது.

"நான் அதக் கேக்கல்ல"

மூன்றாம் தடவை எரிந்ததும் பழைய கடைக்குப் போக வெட்கமாக இருந்தது. மருதானைப் பக்கம் ஒரு சின்னச் சந்துக்குள் மோட்டர் சுற்றுகிற நானா ஒருவர் இருக்கிறார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆட்டோவில் மோட்டரைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு போனேன். கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, சுவரெல்லாம் செம்புக் கம்பி உருளைகள், வார்னிஷ் மணம். நானா மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார், விரலால் ஒரு சுருளைச் சுரண்டினார், மூக்கில் வைத்து மோந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த மோட்டருக்குள் இரண்டு விதச் சுருள்கள். தடித்த கம்பியில் ஓடும் சுருள், மெல்லிய கம்பியில் ஸ்டார்ட் எடுக்கும் சுருள். தடித்தது மண்ணிறமாகிக் கிடந்தது. மெல்லியது கரி.

"தம்பி, இது ஓடி எரிஞ்சது இல்ல. ஸ்டார்ட் எடுத்து எடுத்து எரிஞ்சது. நாளைக்கு எத்தன தரம் ஸ்டார்ட் எடுக்குது?"

"ஒரு மணித்தியாலந்தான் ஓடுது நானா."

"நான் அதக் கேக்கல்ல. எத்தன தரம்?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு கிழமை மீற்றரைப் பார்த்தவன், பாவனை எத்தனை வீதம் என்று தசமப்புள்ளியோடு சொல்லக்கூடியவன், அதை மட்டும் எண்ணவில்லை. நானா சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. மோட்டரின் தலையில் இருந்த ஸ்டார்ட் கபாசிட்டரைக் கழற்றித் துடைத்துவிட்டு என் கையில் தந்தார். அதன் உடம்பில் பொடி எழுத்தில் 1.7 வீதம், ஈடி என்று இருந்தது. ஈடி என்பது 'போட்டிருக்கும் நேரம்' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். அதாவது டியூட்டி சைக்கிள்தான். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, மூன்று செக்கன் போடலாம். மணித்தியாலத்துக்கு 20 தடவை. ஒரு மோட்டரில் இரண்டு தகடுகள். பெரிய தகட்டை நான் படித்தேன், சின்னதை நானா படித்தார்.

விக்கல்

சுற்றின மோட்டரைப் பூட்டின மறுநாள் காலை 6 மணிக்கு, கொப்பியும் போனுமாகப் படிக்குக் கீழே பம்ப் அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். இரவு டியூட்டி முடியப் போகிற காவலாளி ஐயா ஹட்டன் பக்கத்துக்காரர். நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். மோட்டரின் டியூட்டியைக் கணக்குப் பார்க்கிறேன் என்றேன். "மோட்டருக்கும் டியூட்டியா சார்?" என்றார். வெள்ளவத்தை இன்னும் முழுதாக எழும்பவில்லை. கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. மேல் மாடிகளில் குழாய்கள் திறக்கத் தொடங்கின. பெனலுக்குள் மோட்டரைப் போட்டு நிறுத்தும் கொன்டாக்டர் 'டக்' என்றது, அறை பல்ப் ஒரு கணம் மங்கியது, மோட்டர் உறுமிச் சீராகியது. போனை அழுத்தினேன். நான் ஒரு வரி எழுதி முடிக்க முன்பே 'டக்'. நின்றுவிட்டது. 29 செக்கன். நிமிர்ந்து பார்த்து, கொட்டாவி விட்டு, ஐயாவோடு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் திரும்பவும் 'டக்'. நின்றிருந்தது 68 செக்கன். பிறகு 28, 70. பிறகு 30, 66. பிறகு 29, 69. ஒரு பக்கம் நிறைந்தது. "இது விக்கல் எடுக்குற மாதிரிதான் சார் ஓடும். புது டேங்க் வச்ச நாள்ல இருந்து இப்பிடித்தான்," என்றார் ஐயா. இரவெல்லாம் அதன் பக்கத்தில் இருக்கிற மனிதர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு சுற்று 97 செக்கன், மணித்தியாலத்துக்கு 37 தடவை. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தை 29 செக்கன் துண்டுகளாக நறுக்கினால் கிட்டத்தட்ட 125 ஸ்டார்ட். என் 'நூற்றுக்கு நாலு' அப்போதே நாற ஆரம்பித்துவிட்டது. நள்ளிரவில் யாரும் குளிக்காத நேரத்தையும் சேர்த்து 24 மணித்தியாலத்துக்குப் பரப்பினால்தான் நாலு. மோட்டர் சூடாகி ஆறுவது அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் நடக்கும் காரியம். காலை 6 முதல் 8 வரை அது படும் பாட்டுக்கு இரவு 2 மணியின் ஓய்வு எப்படி உதவும்? அந்த இரண்டு மணித்தியாலத்தில் வீதம் 30. பையன் 36 நிமிடம் அடிக்கப் பார்த்த அதே பிழையை, வேட்டி கட்டி, கூட்டத்தில் எழும்பி நின்று செய்திருக்கிறேன்.

சரி, 30 என்றாலும் 30தானே, நூறில்லையே. அலுவலகத்தில் கடன் வாங்கின, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீற்றரைப் போட்டுப் பார்த்தேன். ஓடும்போது 10 அம்பியர். ஸ்டார்ட் எடுக்கும் கணத்தில் 60. இது கோளாறு அல்ல. நின்றுகொண்டிருக்கும் இந்த வகை மோட்டருக்குக் கரண்ட் கொடுத்தால், மறுபக்கத்தை ஒன்றோடொன்று முடிந்துவிட்ட ட்ரான்ஸ்போமர் போல அது இழுக்கும். நேரடியாகப் போடும் மோட்டர்களில் ஐந்து முதல் ஏழு மடங்கு வழக்கம். ஒரு செக்கனில் அடங்கிவிடும். அந்த ஒரு செக்கனைத்தான் நான் தூசாக நினைத்திருந்தேன். பெரியப்பாவின் வர்க்கத்தை அதற்குப் போட்டுப் பாருங்கள். 60இன் வர்க்கம் 3,600. ஓடுவது 10இன் வர்க்கம் 100, தர 29 செக்கன், 2,900. ஸ்டார்ட்டின் ஒரு செக்கன், மிச்ச ஓட்டம் முழுவதையும் விடக் கூடச் சூடு போடுகிறது! இரண்டையும் கூட்டினால் 6,500. அதை 97 செக்கனுக்குப் பகிர்ந்து வர்க்கமூலம் எடுத்தால் 8.2 அம்பியர். பத்துக்குக் கீழே. அந்த இடத்தில் கொப்பியை மூடிவிட்டு, நானாவும் பிழை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூடாமல் காப்பாற்றினது பட்டறைதான். பெரியப்பா பிளேன்டீ குடித்தபோது பிளான்டின் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. தண்ணீர் மோட்டரின் விசிறி எங்கே இருக்கிறது? அதன் அச்சிலேயே. மோட்டர் நின்றால் விசிறியும் நின்றுவிடும். வெல்டிங் பிளான்டின் ஓய்வு வேறு, இதன் ஓய்வு வேறு. மூடிய உடம்புள்ள மோட்டர்கள் நிற்கிற நேரத்தை நாலில் ஒன்றாக மட்டும் எண்ண வேண்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. நிற்கிற 68 செக்கன் 17 ஆகிறது. 29ஐயும் சேர்த்தால் 46. இப்போது 6,500ஐ 46ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்தேன். 11.9 அம்பியர். பத்து அம்பியர் மோட்டர், நூற்றுக்கு முப்பது மட்டும் ஓடிக்கொண்டே, பன்னிரண்டு அம்பியர் இழுக்கிற மோட்டரின் சூட்டைச் சுமந்திருக்கிறது. சூடு வர்க்கத்தில் போவதால் நாற்பது வீதம் கூடுதல். சுருளின் காப்பு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஆயுளில் பாதியை இழக்கும் என்று மோட்டர்க்காரர்கள் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். 1930இல் மின்மாற்றிகளை ஆராய்ந்த மொன்ட்சிங்கர் என்பவர் சொன்னது இன்னும் மோசம், 8 பாகை.

மாலையில் வேறு கதை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஏசி போடும் நேரத்தில் 230 வோல்ட் 200க்கு இறங்குவதுண்டு. முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும், அதாவது கிட்டத்தட்டக் கால்பங்கு போய்விடும். ஒரு செக்கனில் எழும்புகிற மோட்டர் இரண்டு செக்கன் முனகும். 97இல் இரண்டு என்றால் 2 வீதத்துக்கு மேல். கபாசிட்டர் தாங்குவது 1.7. இடையில், கரண்ட் அளவு மீறினால் மோட்டரை நிறுத்த வேண்டிய ஓவர்லோட் ரிலே ஏன் காப்பாற்றவில்லை என்று பார்த்தால், அது அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒரு எலெக்ட்ரீசியன் 14 அம்பியருக்குத் திருப்பி வைத்திருந்தார். திருப்பாவிட்டாலும் பெரிதாகக் காப்பாற்றியிருக்காது. ரிலேயின் உலோகத் துண்டு மோட்டரை விடச் சீக்கிரம் ஆறிவிடும். மோட்டர் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது ரிலே தனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

தர விதியிலும் இது இருக்கிறது என்பதுதான் எனக்கு வலி. ஐஈசி 60034 என்ற சர்வதேசத் தர விதித் தொடரின் முதல் பகுதி, மோட்டரின் வேலையை எஸ்1 தொடக்கம் எஸ்10 வரை பத்தாகப் பிரிக்கிறது. எஸ்3 என்பது விட்டு விட்டு ஓடுவது. வேறு சொல்லாவிட்டால் சுற்று 10 நிமிடம், பெரியப்பாவின் அதே பத்து. ஆனால் ஸ்டார்ட் எடுப்பது சூட்டைக் கணிசமாகக் கூட்டாத இடத்தில் மட்டும்தான் எஸ்3. கூட்டுகிற இடத்துக்கு எஸ்4 என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் மோட்டர் எஸ்1 தகட்டோடு எஸ்4 வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இதைப் படித்துத்தான் சோதனை பாஸ் பண்ணினேன்.

ஐயா சொன்ன 'புது டேங்க்' மட்டும் மிச்சம். 2022 மார்ச்சில், கரண்ட் வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன அந்த நாட்களில், இதே மோட்டர்தான் இருந்தது. கரண்ட் வந்த உடனே வெறும் டேங்கை அரை மணித்தியாலம் ஒரே மூச்சில் நிரப்பும். சத்தத்தைக் கேட்டு, இன்றைக்கு எரியப் போகிறது என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். எரியவில்லை. அடுத்த வருடம் மேலே 2,000 லீற்றர் டேங்க் புதிதாக வைத்தார்கள். மொட்டைமாடியில் ஏறி மூடியைத் திறந்தேன். மிதவை சுவிட்ச் கேபிளில் தொங்கும் வகை. கட்டுக்கும் மிதவைக்கும் இடையில் எவ்வளவு கேபிள் விட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் தண்ணீர் எவ்வளவு இறங்கினால் போடும், எவ்வளவு ஏறினால் நிறுத்தும் என்பது. பழைய டேங்கில் அது தாராளமாக ஆடியது. புதியதில் தண்ணீர் வரும் குழாயில் சிக்காமல் இருக்க, பிளம்பர் நல்ல எண்ணத்தோடு கேபிளைச் சுருக்கி இறுகக் கட்டியிருந்தார். தண்ணீர் மூன்று சென்றிமீற்றர் இறங்கினால் ஓன், மூன்று ஏறினால் ஓஃப். டேங்கின் அகலத்துக்கு அது 34 லீற்றர்.

கட்டை அவிழ்த்து, கேபிளை நீட்டி, சிக்காமல் மற்றப் பக்கத்தில் கட்டினேன். பத்து நிமிட வேலை, ஒரு கேபிள் டை. இப்போது 35 சென்றிமீற்றர் ஆடுகிறது. காலை நேரத்தில் ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடி, பதின்மூன்று நிமிடம் நிற்கிறது. அதே கணக்கைப் போட்டால் 11.9 அம்பியர் 8.4 ஆகிறது. ரிலேயைத் திரும்பப் பத்துக்கு வைத்தேன், விழவில்லை. ஓடும் நேரம் அதே ஒரு மணித்தியாலம்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது மூன்றாம் மாடி அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பெரிய மோட்டர் போட்டிருந்தாலும் எரிஞ்சிருக்கும் என்ன தம்பி?" என்று கேட்டார். எரிந்திருக்கும் அன்ரி, பெரியதென்றால் டேங்க் இன்னும் சீக்கிரம் நிரம்பும், விக்கல் இன்னும் கூடும் என்றேன். பழைய குறிப்பில் என் கையெழுத்தில் இருந்த '4 வீதம்' வரியை வெட்டலாமா என்று கேட்டேன். பிழையான எண்ணா என்று கேட்டார்கள். எண் சரிதான் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது அப்படியே கிடக்கிறது.

பெனலில் இப்போது மணிக்கணக்கு மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு எண்ணியும் பூட்டியிருக்கிறேன். கொன்டாக்டர் 'டக்' என்றால் ஒன்று கூடும். காவலாளி ஐயா டியூட்டி முடிந்து போகும்போது அதைத் தன் வரவுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போகிறார். 11, 10, 11, 12. போன செவ்வாய்க்கிழமை 15 என்று எழுதி, கீழே கோடு போட்டு, எனக்குப் போனும் எடுத்தார். நாலாம் மாடியில் ஆட்கள் ஊருக்குப் போன வீட்டில் குளியலறைப் பைப் திறந்து கிடந்தது.